ஈவில் தொலைந்த சுழியம்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 612-ஐ 6-ஆல் வகுத்து, ஈவு 12 என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாம் சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். அவளிடமே 612 ரூபாயை ஆறு பேருக்குப் பங்குபோடச் சொன்னால், தலைக்கு நூறு கொடுத்துவிட்டு, மிச்சப் பன்னிரண்டை இரண்டிரண்டாகப் பிரித்துவிடக்கூடும். அப்படியென்றால் அவளுக்கு வகுத்தல் தெரியும். பத்தின் இடம் காலி என்பதைத் தாளில் ஒரு சுழியமாகக் காட்ட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. இந்தப் பெண்ணை 'மெல்லக் கற்போர்' வரிசையில் உட்காரவைத்து, மூன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து மறுபடி தொடங்குவது அவளுக்கு நாம் செய்யும் அநீதி.

இப்படிக் கையில் கணக்கு வைத்திருப்பவள் அவள் மட்டும் அல்ல. மும்பையின் திலக் நகரில் ஹார்பர் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் மான்குர்த். ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அங்கேதான் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும் மும்பையின் பெரிய குடிசைப் பகுதி ஒன்றில், வீட்டுத் தொழில்களுக்கு நடுவே வளரும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கறிவை ஆராய்ந்தார்கள். பணம், அளவை, அரை, கால் என்று அந்தப் பிள்ளைகள் கையில் ஏற்கெனவே நிறைய இருந்தது. தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

ஆனால் தெருக் கணக்கு தானாகவே தாள் கணக்காகிவிடும் என்று நம்புவதும் தவறு. 2025-இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைசெய்யும் சிறுவர்களைப் பற்றியது. வியாபாரத்தில் மனக்கணக்காய்ச் சரியாகச் சொன்னவர்கள், அதே அளவு கடினமான பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்த இரண்டு கரைக்கும் நடுவே பாலம் போடுவதுதான் கைதூக்கிவிடும் வகுப்பின் வேலை. நூறு ரூபாய்த் தாள்களைப் பங்குபோட்ட கையோடு அதையே நெடுமுறை வகுத்தலாக எழுதவைத்து, இந்த 1 எந்தத் தாள், இந்த 0 ஏன் வந்தது என்று அந்த 612 கணக்குப் பெண்ணையே சொல்லவைக்க வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் போகட்டும்.

பிரதம் அமைப்பின் 'பால்சகி' திட்டத்தை மும்பை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளூர் இளம்பெண்கள் பாடம் சொல்லித்தந்தார்கள். பள்ளிகளின் சராசரி மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்ற பிள்ளைகளிடம் எஞ்சியது ஏறத்தாழ 0.10. பிள்ளை திரும்பிப் போய் உட்காரும் வகுப்பு பழையபடியே நடந்தால் வேறென்ன ஆகும்? அதனால்தான், ஒரு பருவத்தோடு மூடிவிடும் திட்டங்களை இந்த இதழ் ஆதரிக்கத் தயங்குகிறது.

மத்திய அரசின் 'நிபுண் பாரத்' அடிப்படைக் கணக்கைத் தொடக்க வகுப்புகளிலேயே உறுதிசெய்யப் பார்க்கிறது. ஆறு, ஏழு, எட்டில் இருப்பவர்கள் அந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாடு 2025-இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடும் 'திறன்' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் இந்தத் தேவை உண்டு. வகுப்பு அட்டவணையில் அதற்கென்று தனி நேரம் வேண்டும். விளையாட்டு வேளையைப் பிடுங்கி நடத்தினால், பிள்ளைக்கு அது தண்டனை வகுப்புதான்.

அடுத்த இதழுக்காக ஒன்று கேட்கிறோம். உங்கள் வகுப்பில் விழுந்த ஒரு தவறான விடையையும், "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டபோது அந்தப் பிள்ளை சொன்ன பதிலையும் அதன் சொற்களிலேயே, பெயரை மட்டும் விட்டுவிட்டு, எழுதி அனுப்புங்கள்.