குழல் வாயைத் தேய்த்தால் குறி நேராகுமா?

இந்த முறை கொஞ்சம் வெடிமருந்து வாசனை. பயப்படாதீங்க, வெறும் பேச்சுதான் :-)

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புப் பக்கம் நாட்டுத் துப்பாக்கிப் பேச்சு வந்தால் ஒரு 'தொழில் ரகசியம்' கூடவே வரும். குழல் வாய் விளிம்பில் பிசிறு இருந்தால் குண்டு கோணலாகப் போகுமாம். அரம், உப்புத்தாள், கொஞ்சம் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் இருந்தால் போதும், வீட்டிலேயே தேய்த்துக் குறியை நேராக்கிவிடலாமாம்.

சுத்தப் பேத்தல்!

ரைஃபிளுக்கு இது உண்மை. அதில் குண்டு குழலை இறுக்கிக்கொண்டு சுழன்று வரும். வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். ஆனால் நாட்டுத் துப்பாக்கிக் குழலுக்குள் வரியே கிடையாது. வாய்வழியாகக் கெட்டிக்க வேண்டும் என்பதால் குண்டும் சிறிதாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியில் குழல் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69. மிச்ச இடைவெளியில் வாயு வழி நெடுகக் கசியும், குண்டு சுவரில் முட்டி முட்டி வரும். கடைசி முட்டல் எங்கேயோ, அதைப் பொறுத்துத்தான் திசையும் சுழற்சியும். விளிம்பைக் கண்ணாடியாக்கி என்ன பயன்?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை சாமி. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் குழலை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். இடப்பக்கம் கிளம்பிய குண்டு போகப் போக வலப்பக்கம் திரும்பியது. குழல் சுவரில் உருண்டு வாங்கிய சுழற்சிதான் காரணம். அந்த மனிதர் 1751-ல் இறந்தது எங்கே தெரியுமா? நம்ம கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில்!

பால்ரஸ் அள்ளிப் போட்டுச் சுடுகிறவருக்கோ கேள்வியே வேண்டாம். அது எப்படியும் சிதறத்தான் போகிறது.

உண்மையான ஆபத்து மறுமுனையில் இருக்கிறது. சோதனை செய்யாத குழாயின் அடியை அடைத்து, மருந்தைக் கண் அளவில் போட்டு, கன்னத்தோடு அணைத்துச் சுடுகிறார்கள். வெடித்தால் போவது விரலும் கண்ணும். வாய்க்கு மேக்கப், அடிக்குக் கடவுள் துணை!

"பன்றி தோட்டத்தை அழிக்குது, நீ ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசுற" என்பீர்கள். நியாயமான கோபம்தான். அதனால்தான் 1959 ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் தயாரித்தாலோ பழுது பார்த்தாலோ, 2019 திருத்தப்படி குறைந்தது 7 வருடம், ஆயுள் வரைகூடப் போகலாம். காப்பாற்றிய மகசூல் வக்கீல் ஃபீஸுக்குக் காணுமா?

மேலே இருப்பது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2025-ல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தது. அடிவாரத் தோப்பு அந்த எல்லைக்குள் வராது. அங்கே பிடித்து அப்புறப்படுத்துவதும் தாமதமில்லாத நஷ்டஈடும்தான் வழி. கேட்க வேண்டியது அதை.

குறி தவறிய குண்டு பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். அது மறுநாள் தண்ணீர் பாய்ச்சப் போகிற யாரோ ஒருவர் மேல் பாயும். அவருக்கும் உங்கள் குழல் வாய் வழவழப்பாக இருந்ததைச் சொல்லி ஆறுதல் சொல்வீர்களா?