தரிசு அல்ல, தண்ணீர்க் களஞ்சியம்!

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் புதிய ஆலை, புதிய கிடங்கு, புதிய மனைப்பிரிவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் வருகிறது: “அது வெறும் தரிசுதானே!” ஆற்றோரத் தாழ்நிலம், ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. யாருக்குத் தரிசு? எதனால் தரிசு? இதை நாம் கேட்டாக வேண்டும்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் கரைபுரளும். கோடையில் மணலைக் காட்டும். ஆனால் மேலே வற்றினாலும் கீழே வற்றுவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் அடுக்கடுக்காகப் படிந்து, பெருவெள்ளத்தைக் குடித்துக் கோடைக்குச் சேமிக்கின்றன. கூரையில்லாத, ஆவியாகாத நீர்த்தொட்டி அது. கட்டுவதற்குக் கஜானாவிலிருந்து ஒரு காசும் செலவாகவில்லை.

இந்த மண்ணை அறிய உழவனுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. முளைத்து நிற்பதைப் பார்த்தே சொல்லிவிடுவான். நாணல் நின்றால் கீழே மணல், அதன் கீழே ஈரம். கோரை மண்டினால் தண்ணீர் தேங்கும் களி. மருதும் நாவலும் வேர்விட்ட கரையில் வண்டல். கடற்கரைப் பக்கம் உமரி படர்ந்தால் அது உவர். நாணலும் மருதும் அழகுக்கு நிற்பவையல்ல. வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, கரையைப் பிடித்து, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் கூலியில்லாத தொழிலாளிகள் அவை! கரை அழிந்து, பயிர் ஒழிந்த இடத்தில் நுழைவது அயல்நாட்டுச் சீமைக் கருவேலம்.

இந்தக் களஞ்சியத்தை நாம் என்ன செய்தோம்? 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. சென்னைக்குத் தண்ணீர் போனது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. மணலி ஆலைகளும் மாநகரமும் குடித்தன. வயலிலும் மோட்டார்கள் ஓடின. இறைத்தது அதிகம், ஊறியது குறைவு. விளைவு? மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை நிலத்தடியில் நுழைந்திருந்த கடல்நீர், 1987இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டரை எட்டியது. அதே 1987இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, தண்ணீர் லாரிகள் நிற்கவில்லை.

2010இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. நல்ல தண்ணீரை உறிஞ்சிக் கடலை உள்ளே வரவழைத்தோம். பிறகு அதே கடலின் உப்பை நீக்கப் பணத்தைக் கொட்டுகிறோம். இதற்குப் பெயர் வளர்ச்சியா?

தேர்வாய்க்கண்டிகைக்கு வருவோம். தாழ்த்தப்பட்ட மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடுமாடு மேய்ந்த, விறகு கொடுத்த, ஏரிகளுக்கு மழைநீரை அனுப்பிய 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட பொதுநிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. மக்கள் போராடினார்கள், நீதிமன்றப் படியும் ஏறினார்கள். ஆனாலும் பூங்கா வந்தது. பிறகு 2020இல், கண்ணன்கோட்டை, தேர்வாய்க்கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னையின் குடிநீருக்காகப் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. தண்ணீர் தரும் நிலம் என்றால் மாநகரத்துக்கு. தரிசு என்றால் முதலாளிக்கு. நடுவில் நின்ற கூலிக்காரனுக்கு எது?

மண்ணையே அள்ளிச் செல்வோரும் இருக்கிறார்கள். ஆற்று மணல் கான்கிரீட் ஆகிறது. வண்டலும் களியும் செங்கல் ஆகின்றன. மணல் போன பள்ளத்தில் அடுத்த வெள்ளம் கரையை அறுக்கிறது. அந்தச் செங்கல்லை அறுப்பது யார்? முன்பணம் வாங்கி, ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு சூளைக்கு வந்த தொழிலாளி! மண்ணும் சுரண்டப்படுகிறது, மண்ணில் உழைப்பவனும் சுரண்டப்படுகிறான்.

“அப்படியானால் ஆலை வேண்டாமா? வேலை வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும்! ஆலைத் தொழிலாளியையும் வயல் தொழிலாளியையும் மோதவிடும் தந்திரம் நமக்குப் புதிதல்ல. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி குடம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறான். 2021லும் 2023லும் மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது. நனைந்தது உழைப்பவன் வீட்டு அரிசி. தாழ்நிலத்தை மேடாக்கினால், அந்தத் தண்ணீர் தேடிப்போவது அடுத்த தாழ்ந்த தெருவை. அங்கே குடியிருப்பவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வழி இல்லாமல் இல்லை. கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் மணலி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே முடிந்தது கும்மிடிப்பூண்டியில் ஏன் முடியாது? ஆலைகளுக்கு மறுசுழற்சி நீர்; ஊருக்கு ஊற்று நீர் என்பதே நம் கோரிக்கை. ஆற்று வெள்ளம் பரவும் நிலத்தை அளந்து, கல் நட்டு, ‘தரிசு’ என்ற பெயரை நீக்கி ‘நீர்நிலம்’ என்று பதிவு செய்க! ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் மணல் எடுப்பதை நிறுத்துக! மேய்க்கால் நிலத்தைக் கைமாற்றுமுன் கிராமசபையைக் கேள்!

தோழர்களே, அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குத் தொழிற்சங்கத் தோழர்களும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்தே செல்லுங்கள். உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர் நிலம் ‘தரிசு’ என்று எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். நாணலும் கோரையும் நிற்குமானால், காலடியில் கிடப்பது உங்கள் பிள்ளைகளின் குடிநீர்!