குடும்பம் ஏழு பேர், வண்டி அஞ்சு பேருக்கு!

நாக்பூரில் என் மேசைக்கு வரும் கார் லோன் மனுக்களில் பாதிக்கு மேல் எஸ்யூவிக்குத்தான். வருமானச் சான்றிதழைப் பார்த்தால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அப்பா அம்மாவும் கூட இருப்பார்கள், இல்லாவிட்டால் வருஷத்தில் ஆறு மாசம் வந்து தங்குவார்கள். ஆக மொத்தம் ஆறு பேர். வாங்கப் போவது ஐந்து பேர் உட்காரும் வண்டி. காமர்ஸ் படித்தவனுக்கு இந்தக் கணக்கு இடிக்காமல் இருக்குமா?

"சார், அப்போ எர்டிகா, காரென்ஸ் மாதிரி ஏதாவது பாருங்களேன்" என்றால் வரும் பதில் எல்லா மொழியிலும் ஒன்றுதான். மராத்திக்காரர், தெலுங்குக்காரர், நம்மூர்க்காரர் யாராக இருந்தாலும் சரி: "அய்யோ, அது டாக்ஸி மாதிரி இருக்கும் சார்!"

இந்த டாக்ஸி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டாக்ஸிக்காரர் சொந்தக் காசைப் போட்டு வண்டி வாங்கி, அதை ஓட்டித்தான் சோறு சாப்பிடுகிறார். மைலேஜ், டயர், ஸ்பேர் பார்ட்ஸ், விற்கும்போது என்ன விலை போகும் என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர். அப்படிப்பட்டவர் 2005-லிருந்து இன்னோவாவையும், 2012-லிருந்து எர்டிகாவையும் தேடிப் போகிறார் என்றால் அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் என்ன வேண்டும்? நாம் அதையே குறையாகச் சொல்கிறோம் :-)

அடுத்தது, "நம்ம ரோடுக்கு எஸ்யூவிதான் சார் லாயக்கு." இன்னோவா ஏறாத மலைப்பாதை எது? நம் ஊரில் விற்கும் க்ரெட்டாவில் நாலு சக்கர இழுவை கிடையாது, முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். எர்டிகாவும் அதேதான். உயரமான பானெட்டும் முரட்டு முகமும் இருப்பதால் அது ஜீப் ஆகிவிடாது. ஸ்பிதி பள்ளத்தாக்கிலோ, சேறும் சகதியுமான காட்டுப் பாதையிலோ அடிக்கடி ஓட்டுபவர் தாராளமாக நாலு சக்கர இழுவை வண்டி வாங்கட்டும். சீதாபர்டி டிராஃபிக்கில் ஆபீஸ் போகிறவருக்கு அது எதற்கு?

பாதுகாப்பு என்பார்கள். இது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 2024-ல் குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகாவுக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் கிடைத்தது. 2025-ல் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்தாலும், அந்த ஸ்டாரை மறந்துவிட்டு வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னோவா ஹைகிராஸ் 2025-ல் பாரத் என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கியிருக்கிறது. ஸ்டார் மாடலுக்கு மாடல் மாறுகிறது, வண்டியின் ஜாதியைப் பார்த்து வருவதில்லை. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் நடக்கிறது. வாங்கும் மாடலின் பெயரைப் போட்டு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

இப்போது என் தொழில் சமாச்சாரம். ஆசைப்பட்டு நாலு லட்சம் கூடுதலாக ஒரு பெரிய எஸ்யூவிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 1,609 ரூபாய். நாலு லட்சத்துக்கு 6,436. ஏழு வருஷத்தில் கட்டி முடிப்பது ஏறக்குறைய 5 லட்சத்து 40 ஆயிரம். இன்சூரன்ஸ் அட்டவணைப்படி வண்டியின் ஐந்தாவது வருஷத்தில் மதிப்பில் 50 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். மகாராஷ்டிராவில் ரோடு டாக்ஸும் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான். ஆக ஆசையின் விலை ஷோரூம் பில்லோடு முடிவதில்லை. வங்கிக்கு வட்டி வருமானம், சந்தோஷம்தான். நான் இதைச் சொல்வது மேலதிகாரிக்குத் தெரிய வேண்டாம்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தபோது வந்தது இந்த நாலு மீட்டர் அளவுகோல். இருபது வருஷம் ஆகியும் நம்மை விடவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. ஐந்து பேர் போகும் பெட்ரோல் நெக்ஸானுக்கு 18, ஏழு பேர் போகும் எர்டிகாவுக்கு 40! தலைக்கு எத்தனை வரி என்று யாரும் பார்ப்பதில்லை, ஸ்கேலை வைத்து நீளத்தை அளக்கிறார்கள். ஏழு சீட்டை நாலு மீட்டருக்குள் அடக்கி 18-க்குள் வருவது ட்ரைபர். ஆனால் ஏழு பேரும் ஏறிவிட்டால் டிக்கியில் 84 லிட்டர் இடம்தான், இரண்டு பை வைக்கலாம். பெரிய குடும்பத்துக்கு வண்டி செய்பவனை வரி போட்டு அமுக்கினால், கம்பெனிக்காரன் குட்டி எஸ்யூவியாகத்தான் செய்து தள்ளுவான்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். ஐந்து பேர் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஆறாவது ஆள் யார்? பெரும்பாலும் அம்மாதான். "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு முட்டி வலி" என்பார். முட்டி வலி நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் இடம் இல்லை என்று தெரிந்து, மகன் சங்கடப்படக் கூடாதென்று அவராகவே சொல்லும் காரணமாகவும் இருக்கலாம். நாக்பூரிலிருந்து என்.எச். 44-ஐப் பிடித்தால் ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று நேராக ஊருக்கே போய்விடலாம். அந்த ரோட்டில் பிள்ளைகள் பாட்டியோடு பேசிக்கொண்டு போகும் இரண்டு நாளை எந்த சன்ரூஃப் ஈடுகட்டும்?

ஆகவே ஒரு யோசனை. டெஸ்ட் டிரைவுக்கு நண்பரைக் கூட்டிப் போகாதீர்கள், வீட்டில் மூத்தவரைக் கூட்டிப் போங்கள். யார் கையையும் பிடிக்காமல் அவர் ஏற முடிகிறதா, உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வருகிறதா, இறங்க முடிகிறதா என்று பாருங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு டிக்கியில் இரண்டு பெட்டி வைத்துப் பாருங்கள். இதில் தேறும் வண்டிக்கு மனு போடுங்கள், என் மேசையில் தாமதம் ஆகாது.