லயன் அறையும் ஓய்வுகாலக் குடியிருப்பும்

சேவைக்காலம் முழுவதும் வாடகையின்றி வாழக் கிடைப்பதைப் பலரும் பெரும் வாய்ப்பாகவே கருதுகின்றனர். ஓய்வுபெறும் நாளில் அந்த வீடு யாருக்குரியது என்ற வினா எழும்போதுதான் அதன் மறுபக்கம் தெரியவருகின்றது. கண்டியிலும் பேராதனையிலும் உத்தியோகபூர்வ விடுதிகளில் வாழும் தமிழ், முஸ்லிம் அரச ஊழியர்களும் இவ்வினாவை எதிர்நோக்கவே செய்கின்றனர். எனினும், அவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. கலஹா, தெல்தோட்டை, பன்விலை, ரங்கலை முதலான தோட்டப்பகுதிகளின் லயன் அறைகளில் வாழும் தொழிலாளருக்கு அதுவும் இல்லை.

லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையை ஆரம்பித்தார். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே தோன்றிவிட்ட லயன் முறை இன்றும் முற்றாக மறையவில்லை. காணிச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. குடியிருப்பு மாத்திரம் வேலையோடு பிணைக்கப்பட்டதாகவே நீடித்து வந்துள்ளது. இதனால், முதுமையிலும் அந்த அறையில் தங்கியிருப்பதற்காகப் பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்ட வேலைக்குச் செல்லவேண்டிய நிர்ப்பந்தம் பல குடும்பங்களில் ஏற்படுகின்றது.

சேமிப்புக்கு வழியே இல்லையென்று கூறமுடியாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளம் பெறுபவருக்குச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரித்தாகும். 30 ஆண்டுகள் உழைத்தவருக்கு அது 420 நாட் சம்பளமாகும். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவின்படி கணக்கிட்டால் 567,000 ரூபா கிடைக்கும். இத்தொகையில் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் காணி வாங்கி வீடமைப்பது இயலாத காரியம். அரச முகாமைத்துவத்தின் கீழிருந்த தோட்டங்கள் சிலவற்றில் சேமலாப நிதி நிலுவையாகிப் போனதையும் நாம் அறிவோம்.

சேமலாப நிதி மீதியைப் பிணையாகக் காட்டி வீடமைப்புக் கடன் பெறும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. ஆனால் வீடு கட்டுவதற்குக் காணி வேண்டும்; காணிக்கு உறுதி வேண்டும். உறுதியற்ற லயன்வாசிக்குத் தனது சொந்தச் சேமிப்பே எட்டாக்கனியாகிவிடுகின்றது. பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது.

இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 தனிவீடுகளை அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. மேலும் 10,000 வீடுகள் 2017 இல் அறிவிக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேவையின் அளவோடு ஒப்பிடுகையில் இவை சிறுதொகையே. வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு உறுதியை வழங்கத் தாமதிப்பதும் அரைகுறைத் தீர்வேயாகும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவுகள், எங்கே வீடமைப்பது என்பதும் உயிர்ப்பிரச்சினையே என்பதை உணர்த்தியுள்ளன.

ஆகவே, ஓய்வுபெற்ற பின்னர் சலுகையாக வழங்காமல், சேவைக்காலத்திலேயே உரிமையாகக் காணியை வழங்குதல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானதெனக் கண்ட நிலத்தையே தெரிவுசெய்தல் வேண்டும். உறுதி கணவன், மனைவி இருவரது பெயரிலும் அமைதல் வேண்டும். தொழிலாளர் குடும்பங்களும் சேமலாப நிதிக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்த்து, கைக்கு வரும் பணத்தைத் திருமணச் செலவுகளிலும் பழைய கடன்களிலும் கரையவிடாது காத்தல் நன்று.

வாடகை அறவிடப்படாத அறையென்று கூறப்பட்டாலும், குறைந்த சம்பளத்தின் வாயிலாக அதன் விலையைத் தலைமுறை தலைமுறையாக இம்மக்கள் செலுத்தியே வந்துள்ளனர். அதற்கான பற்றுச்சீட்டாகவேனும் காணி உறுதியை அவர்களது கைகளில் ஒப்படைப்பது ஆட்சியாளரின் கடப்பாடாகும்.