பூட்டியவர்தான் திறக்க வேண்டும்

ஒரு சொத்தின்மேல் அரசின் பிடி விழ ஒரே ஒரு உத்தரவு போதும். அது நீங்கத்தான் ஆயுள் பத்தாது.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 8,000 ஏக்கருக்கும் மேல் டிட்கோவுக்காகக் கையகப்படுத்தினார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. இழப்பீடு போதவில்லை என்று ஆயிரக்கணக்கில் வழக்குகள்தான் வந்தன. 2022இல் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. நடுவில் கால் நூற்றாண்டு. அரசு கணக்குக்குப் போன முந்திரிக்காட்டை விற்க முடியுமா? அதைக் காட்டி பேங்க்கில் கடன் வாங்க முடியுமா?

"அதான் திருப்பிக் கொடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். கொடுத்தது நல்ல விஷயம்தான். அந்த 25 வருஷத்துக்கு யார் வட்டி கட்டுவது?

வங்கிகளிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. தனிநபர் கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, பதிவான பிணையையும் நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

அரசுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு கெடு இல்லை? பாக்கி வசூலிக்க 1864ஆம் வருடத்து வருவாய் வசூல் சட்டம் இன்றும் கையில் இருக்கிறது. ஒரு பள்ளியோ, கூட்டுறவுச் சங்கமோ, சின்னக் கம்பெனியோ பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டினாலும், ரசீதைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கும் சார்பதிவாளர் ஆபீஸுக்கும் அலைவது கட்டியவர் பாடு. வில்லங்கச் சான்றில் அந்த ஒரு வரி நிற்கும்வரை கட்டிய பணத்துக்கு அர்த்தமே இல்லை.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 83ஆம் பிரிவில் செய்யப்படும் தற்காலிக முடக்கம் ஒரு வருடத்தில் தானாகவே காலாவதியாகிறது. சட்டம் எழுதுகிறவர்களுக்குக் கெடு வைக்கத் தெரியும்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் பாலபாடம் இது: தரவைப் பூட்டிய நிரல்தான் வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் வாசலில் காத்திருப்பவரை யாரும் குறை சொல்வதில்லை, நிரலைத்தான் திருத்துவோம்.

பாக்கி வரவான அன்றே விடுவிப்பு ஆணை பதிவுத்துறைக்குத் தானாகப் போகட்டும். தாமதமானால், அந்த அலுவலகம் நாள்கணக்கில் இழப்பீடு தரட்டும். கையகப்படுத்திய நிலத்தில் திட்டம் தொடங்கவும் கெடு இருக்கட்டும். வசூலிக்கும்போது நாள் தவறாமல் வட்டி போடுகிற அரசுக்கு, விடுவிக்கும்போது மட்டும் காலண்டர் எங்கே தொலைந்துபோகிறது?