தொண்டு என்பது தொடர்பணி

ஒரு நாள் கையுறை அணிந்து ஏரிக்கரையில் குப்பை அகற்றுவதும், அதனைப் படம் எடுத்துச் சான்றிதழ் பெறுவதுமே தொண்டு என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அம்முயற்சி தவறன்று, ஆயினும் அது தொண்டின் வாயிற்படி மட்டுமே. அதனைக் கடந்து உள்ளே செல்ல விரும்புவோர், சென்னைக் கடற்கரையில் நள்ளிரவில் நடக்கும் மாணவர்களிடம் பாடம் கற்க வேண்டும்.

கடற்கரையில் ஓர் இயக்கம்

ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமையைப் பங்குனி ஆமை என்றும் அழைப்பர். சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. நாய்களாலும் மனிதராலும் அம்முட்டைகளுக்கு இடர் நேர்வதைக் கண்ட இயற்கை ஆர்வலர் சிலர், 1970களில் அவற்றைக் காக்கத் தொடங்கினர். 1988ஆம் ஆண்டில் மாணவர்கள் தமக்கென ஓர் அமைப்பை நிறுவி அப்பணியைத் தொடர்ந்தனர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவை அவர்கள் இரவில் நடந்து, முட்டைகளைத் தேடிப் பொரிப்பகத்தில் சேர்க்கின்றனர்.

ஆர்வத்திற்கு முன் அறிவு

இப்பணிக்கு ஆர்வம் மட்டும் போதாது. முட்டைகளைப் புரட்டாமல் எடுக்க வேண்டும். தாய் தோண்டியதைப் போன்ற ஆழத்திலும் வடிவிலும் புதிய குழி அமைக்க வேண்டும். கைவிளக்கின் வெளிச்சம் கரையேறும் ஆமையை மிரளச் செய்யும். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையைக் கடல் என்று கருதும். ஆதலால் தெருவிளக்குகள் அவற்றை வழிதவறச் செய்கின்றன. அறியாமல் செய்யும் உதவி தீங்காக முடியும் என்பதே இங்குக் கிடைக்கும் முதற்பாடம்.

பலன் காணாத இரவுகள்

ஓர் ஆமையையும் ஒரு முட்டையையும் காணாமல் முடியும் இரவுகளும் உண்டு. அவ்விரவின் நடையும் வீணன்று; காணாமையும் குறிப்பேட்டில் ஏறவேண்டிய செய்தியே. இறந்து ஒதுங்கிய ஆமைகளை எண்ணுவதும் பணியின் ஒரு பகுதியாகும். 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலைகளில் சிக்கும் ஆமைகள் நீருக்கு மேலே வந்து மூச்செடுக்க இயலாமல் மடிகின்றன. எத்தனை இறந்தன, எங்கே ஒதுங்கின என்னும் கணக்கு இல்லையேல், வலைகளைப் பற்றிய கேள்வியை எவரும் உறுதியாக எழுப்ப இயலாது. குஞ்சைக் கடலில் விடும் மகிழ்ச்சியை மட்டும் நாடுவோர் இத்துயரமான பணியைச் செய்ய முன்வாரார்.

பெங்களூரு மாணவர் செய்யத்தக்கது

பெங்களூருவில் கடல் இல்லை, ஏரிகள் உண்டு. அவை ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்தவை. மேல் ஏரியில் கலக்கும் கழிவு கீழ் ஏரியைச் சென்றடையும். பெல்லந்தூர் ஏரி நுரைத்துப் பொங்கியதையும் தீப்பற்றியதையும் நாடே கண்டது. அதே நகரில், ஜெ.பி. நகர்ப் பகுதியிலுள்ள புட்டேனஹள்ளி ஏரியை அவ்வட்டார மக்கள் அறக்கட்டளை ஒன்று அமைத்துப் பராமரித்து வருகின்றனர். ஒரு நாள் திரண்டு கலைந்திருந்தால் அவ்வேரி பிழைத்திராது; ஆண்டுதோறும் களை நீக்கி, நீர்வரத்தைக் கண்காணித்தமையாலேயே அது நிலைத்தது.

ஆகவே பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு முறை புதிய இடத்திற்கு மாணவரை அழைத்துச் செல்வதை விட, அருகிலுள்ள ஓர் ஏரிக்கு மாதந்தோறும் அனுப்புவதே நன்று. நீர்மட்டம், பறவைகள், கழிவு நுழையும் இடம் ஆகியவற்றை மாணவர் பதிவு செய்யட்டும். தேர்வுக் காலத்தில் இதற்கு நேரம் ஏது என்று பெற்றோர் கேட்கலாம். மாதத்தில் ஒரு காலைப்பொழுது எவருடைய மதிப்பெண்ணையும் குறைத்துவிடாது. சான்றிதழும் வந்து சென்றமைக்காக அன்றி, ஓராண்டு நிரம்பிய குறிப்பேட்டிற்காகவே வழங்கப்பட வேண்டும்.

தன்னைக் காத்தவர் யார் என்பதை ஆமைக்குஞ்சு அறியாது. ஏரியும் நன்றி கூறாது. நன்றியை எதிர்பாராமல் மறு மாதமும் அங்குச் செல்பவரே தொண்டர்.