மாலை நேரம் யார் கையில்?

வெற்றி என்பது பதவியோ பணமோ அல்ல. நன்றாகத் தூங்குவதும், இரவுச் சோற்றைப் பிள்ளைகளோடு உண்பதும்தான் என்கிறார்கள். சரி, அதில் எனக்குச் சண்டையில்லை. 'அதை எவரும் இன்றே தேர்ந்தெடுக்கலாம்' என்று அடுத்த வரியில் சேர்க்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் எதைத் தேர்ந்தெடுப்பார்? வேலை நேரத்தில் கொஞ்சம் உட்கார்வதற்கே 2021இல் தமிழக சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆம், உட்கார! மனப்பக்குவம் போதுமென்றால் நாற்காலிக்கு எதற்குச் சட்டம்?

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியபோது, உலகத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் நாளுக்குப் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா இதே மாநிலத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அன்று பல வீடுகளின் இரவுச் சோறு தப்பியது. தியானத்தால் தப்பவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அப்பா நிம்மதியாகச் சாப்பிட, அம்மா அடுப்படியில் நிற்கிறார். அது யாருடைய வெற்றி?

எளிய வாழ்வைப் புகழ்ந்து எழுதுங்கள், தடையில்லை. கூடவே உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள்.